குளத்தில் விட்ட பெயர்

தருமபுரம், கிளிநொச்சி
11.08.2024

அன்பு அண்ணாவுக்கு,

தங்கச்சி சிவனேசு எழுதுகிறேன். நானும் வதனியும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அஜந்தா மச்சாளும் பிள்ளை லக்ஷனாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும்போது மறக்காமல் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? கடையில் நாள் முழுதும் நிற்காமல் ஒரு ஸ்டூலைப் போட்டு இருங்கள் என்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன். கேட்டால்தானே.

இது போனிலும் சொல்லக்கூடிய சங்கதிதான். ஆனால் போன் எடுத்தால் வதனி பக்கத்தில் வந்து நிற்பாள். அவள் கேட்கக்கூடாத சிலதும் இதில் இருக்கிறது. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் எல்லாவற்றையும் நாங்கள் கடிதத்தில்தானே கதைத்தோம். ஆகையால் பதிலையும் எழுத்தில் தாருங்கள்.

வதனிக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. பொடியனுக்குப் பெயர் ஐங்கரன். பரந்தனில் படிப்பிக்கிறார். அமைதியானவர். தை மாதம், பொங்கல் கழிந்து இரண்டாம் கிழமையில் முகூர்த்தம் வைத்திருக்கிறார்கள். சாதகம் பார்த்த அன்று வதனி சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்படியே தகப்பனின் சிரிப்பு. மேல்வரிசைப் பல் கொஞ்சம் தெரியுமே, அது.

பிரச்சினை கலியாண அழைப்பிதழ்க் காட்டில் வந்தது. போன கிழமை மாப்பிள்ளையின் தாய் மாதிரிக் காட்டுகள் நாலைந்தைக் கொண்டு வந்தா. நல்ல மனுசிதான், குறை சொல்லமாட்டேன். தேத்தண்ணி குடித்துவிட்டு மெல்லத் தொடங்கினா.

"திரு. புண்ணியமூர்த்தி எண்டு போட்டால், ஆள் எங்கை எண்டு சனம் கேக்கும். அமரர் எண்டு போட்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம்."

"கேக்கட்டும்," என்றேன். "நானும் அதைத்தானே பதினைஞ்சு வருஷமாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அவ மாதிரிக் காட்டுகளை மேசையில் விட்டுவிட்டுப் போனா. ஆனால் காட்டு இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

அண்ணா, அவர் கடைசிச் சண்டை நேரம் வலைஞர்மடத்தில் கஞ்சி வாங்கப் போனவர். திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஐந்து நாள் பார்த்துவிட்டுத்தான் வதனியைத் தூக்கிக்கொண்டு நான் ஆமியின் பக்கம் வந்தேன். பிறகு ஓமந்தையில் ஆமி ஏற்றிக்கொண்டு போன ஒரு பஸ்ஸில் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். கண்டவர் ஒருவர் இருக்கிறார். செத்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை. அப்படியிருக்க எந்தக் கையால் நான் அமரர் என்று எழுதிக் கொடுப்பது? மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனை பேர் வந்தார்கள். ஒரு பேப்பரிலும் நான் கையெழுத்து வைக்கவில்லை.

நீங்கள் வர வேண்டும். அவரின் இடத்தில் நீங்களும் மச்சாளும் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அவர் வந்து கேட்டால், "அண்ணைதான் நிண்டவர்" என்று நான் சொல்லிக்கொள்வேன்.

இன்னொன்று. கோபிக்க வேண்டாம். இந்த இரண்டு மூன்று வருடமாக நான் அவரைப் பற்றிக் கதை எடுத்தால் நீங்கள் "பிறகு எடுக்கிறன்" என்று போனை வைத்துவிடுகிறீர்கள். உங்களுக்கும் அலுத்துவிட்டதோ என்று நினைப்பேன். அலுத்தாலும் சொல்லிவிடுங்கள், நான் தாங்குவேன்.

உங்கள் தங்கச்சி
சிவனேசு


லா ஷப்பல், பரிஸ்
16.09.2024

என் அன்புத் தங்கச்சி சிவனேசுக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு கிழமை. வதனியின் கலியாணச் செய்தியை வாசித்து மச்சாள் அழுதுவிட்டாள். அவள் அதற்குள் சீலை பார்க்கத் தொடங்கிவிட்டாள். முழங்கால் அப்படியேதான். ஸ்டூல் வாங்கினேன், அதில் இப்போது வெண்டிக்காய்ப் பெட்டி இருக்கிறது.

உனக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல முன்னம் போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் வந்த ஒரு இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லக்ஷனா வேலை செய்கிற இடம் உனக்குத் தெரியாது. நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானியத் தோட்டம். நூறு வருடத்துக்கு முன்னம் பட்டு வியாபாரம் செய்த ஒரு பணக்காரர், ஜப்பானிலிருந்து தச்சரையும் தோட்டக்காரரையும் கூட்டிவந்து கட்டுவித்ததாம். தோட்டத்தின் நடுவில் மரத்தால் ஒரு மண்டபம். அதைக் கலியாணங்களுக்கும் கம்பனி விருந்துகளுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். அந்த ஒழுங்குகளைப் பார்ப்பதுதான் லக்ஷனாவின் வேலை. இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறாள், நாங்கள் போகவில்லை. இந்த முறை "பப்பா, வராட்டி நான் கதைக்கமாட்டன்" என்று தமிழிலேயே சொன்னாள். அவள் தமிழில் சொன்னால் பகிடி இல்லை என்று அர்த்தம்.

மச்சாளும் நானும் போனோம். கோகிலன் என்று ஒருவனும் கூட வந்தான். வன்னிப் பக்கத்து ஆள். எங்கள் கடைக்கு அடுத்த சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறான். தனியாள் என்றபடியால் ஞாயிறுகளில் எங்களோடுதான் சாப்பாடு. லா ஷப்பலில் மெத்ரோ ஏறிக் கடைசித் தரிப்புவரை போய், அங்கிருந்து ஒரு பஸ்.

வாசல் மிகவும் பதிவு. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே போனதும் றோட்டுச் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. நடக்கிற பாதையில் கற்களைத் தூரத் தூரப் பதித்திருக்கிறார்கள். ஒன்று பெரிது, ஒன்று சின்னது, ஒன்று கோணல். என் முழங்காலுக்குச் சரிப்பட்டு வரவில்லை.

"காலைப் பார்த்து நடவுங்கோ பப்பா. ஆக்கள் அவசரப்படக்கூடாது எண்டுதான் இப்பிடி வைச்சிருக்கினம்," என்றாள் லக்ஷனா.

ஓரிடத்தில் செடியும் இல்லை, தண்ணியும் இல்லை. வெள்ளைக் குறுணிக்கல்லைப் பரப்பி, வாரியால் வரி வரியாக இழுத்திருக்கிறார்கள். கடல் என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம். அந்த வரிகளுக்கு நடுவே ரோஜாப்பூ இதழ்கள் கொஞ்சம் கிடந்தன. முதல்நாள் ஒரு கலியாணம் நடந்ததாம், எறிந்த பூ. லக்ஷனா குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒரு வயதான பைன் மரத்தின் கொப்புகளுக்கு மூங்கிலால் முண்டு கொடுத்திருந்தார்கள். மச்சாள் அதைப் பார்த்துவிட்டு, "உங்களைப்போலத்தான், நிக்கிறதுக்கு ஆள் பிடிக்க வேணும்," என்றாள். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்குள் போனோம். பாய் விரித்த நிலம், கடுதாசி ஒட்டிய கதவுகள். ஒரு மூலையில் கலியாணக் கதிரைகளை அடுக்கிச் சீலையால் மூடியிருந்தது. மற்ற மூலையில் நீட்டு மேசையில் மெல்லிய வெள்ளைக் காகிதங்களும் தூரிகைப் பேனைகளும். சனிக்கிழமை கலியாணம் நடந்த அதே மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை இறந்தவர்களுக்கு விளக்கு விடுகிறார்கள். ஜப்பானில் ஆவணியில் செய்வதாம். இங்கே அந்த நேரம் எல்லாரும் விடுமுறையில் போய்விடுவதால் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இடத்துக்குப் பொறுப்பான மதாம் ஜிஸ்லேன் எழுபது வயது மதிக்கலாம். ஒவ்வொருவருக்கும் கையில் காகிதம் தந்தா. திரும்பி வராதவர்களின் பெயரை அதில் எழுத வேண்டும். அந்தக் காகிதத்தைக் கூடுபோல மடித்து, சின்னப் பலகையில் மெழுகுதிரிக்கு மேல் நிறுத்தி, குளத்தில் விட வேண்டும்.

நான் லக்ஷனாவிடம் கேட்டேன். "வருவினமோ வரமாட்டினமோ எண்டு தெரியாத ஆக்களுக்கு என்ன செய்யிறது எண்டு கேள்."

அவள் பிரெஞ்சில் கேட்டாள். அந்த அம்மா சொன்னதை லக்ஷனா சொன்னாள். "அப்பிடியெண்டால் வெறுங்காகிதம் விடலாமாம். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சப் பேர் அப்பிடித்தான் விடுறவையாம்."

முதலில் அப்பா, அம்மா பெயரை எழுதினேன். கோகிலனும் ஏதோ எழுதினான். பிறகு நான் இன்னொரு காகிதம் எடுத்தேன். தங்கச்சி, அதில் மச்சானின் பெயரை எழுதினேன். கந்தவனம் புண்ணியமூர்த்தி என்று முழுதாக எழுதினேன்.

வெளிச்சம் அடங்குகிற நேரம் எல்லாரும் குளக்கரைக்குப் போனோம். அது ஓடுகிற தண்ணி இல்லை, சின்னக் குளம். விளக்குகள் நடுவுக்குப் போய் அங்கேயே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. காலையில் தோட்டக்காரர் வலை போட்டு எல்லாவற்றையும் அள்ளிக் காகிதங்களை எரிப்பாராம். மச்சான் பெயர் போட்ட விளக்கு கடைசிவரை அணையவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்னிடம் கேட்காமல் செய்தேன். அதை மறைக்க மனம் வரவில்லை. நீ கோபிப்பாய் என்று தெரியும். கோபித்துவிட்டு ஆறுதலாக யோசித்துப் பார். எத்தனை வருடம் வெயிலிலும் மழையிலும் காணாமல் போனவர்களைத் தேடுகிற மற்ற மனுசிகளோடு அந்தப் போராட்டக் கொட்டிலில் மச்சானின் படத்தை வைத்துக்கொண்டு இருப்பாய்? மாப்பிள்ளையின் தாய் சொன்னதில் பிழை இல்லை. காட்டில் அமரர் என்றே போடு. பிள்ளையின் வாழ்க்கை தொடங்கும்போது கேள்விகள் வேண்டாம்.

நாங்கள் கட்டாயம் வருவோம். தாரை வார்ப்பது என் கடமை.

என்றும் உன் அண்ணன்
குலசேகரம்


தருமபுரம்
14.10.2024

அண்ணா,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அடுப்பு மூட்டவில்லை. தலையிடி என்று வதனிக்குச் சொன்னேன்.

மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது என் கை தன்பாட்டில் நெற்றிக்குப் போனது. பொட்டு இருந்தது. நீங்கள் அங்கே ஒரு குளக்கரையில் நின்றுகொண்டு, ஒரு துண்டுக் காகிதத்தில், என்னிடம் ஒரு சொல் கேட்காமல், அதை அழித்துவிட்டீர்கள். உங்களுக்கு யார் அந்த உரிமையைத் தந்தது? பதினைந்து வருடம் நான் ஒரு அரசாங்கக் கந்தோரிலும் எழுதிக் கொடுக்காததை, அழகான தோட்டம் ஒன்றைப் பார்த்தவுடன் நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

இரண்டாம் தரம் வாசித்தபோது அழுதேன்.

மூன்றாம் தரம் வாசித்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். தெரியாதவர்களுக்கு வெறுங்காகிதம் விடலாம் என்று அந்த அம்மா சொன்னாவே. நீங்களாகவே கேட்டு, அவ பதிலும் சொன்னாவே. பிறகு ஏன் நீங்கள் வெறுங்காகிதம் விடவில்லை?

நீங்கள் எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிறவர் இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால்கூட மூன்று பேரிடம் கேட்டுவிட்டுத்தான் மருந்து கொடுப்பீர்கள். அப்படிப்பட்டவர் என் புருசனின் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு எழுதியிருக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு ஏதோ தெரியும். மூன்று வருடமாக நீங்கள் போனை வைத்தது அலுப்பால் இல்லை. எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

என்ன தெரியும் என்று எழுதுங்கள். மச்சாளைக் கேட்டு எழுத வேண்டாம், எனக்கு நல்லதோ கெட்டதோ என்று யோசித்தும் எழுத வேண்டாம். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுங்கள். இதற்குப் பதில் வராவிட்டால் உங்களுக்கு நான் எழுதிய கடைசிக் கடிதம் இதுதான். கலியாணத்துக்கும் வரத் தேவையில்லை.

சிவனேஸ்வரி


லா ஷப்பல்
03.11.2024

தங்கச்சி,

நீ கேட்டபடியே எழுதுகிறேன். இருந்து வாசி. வதனி வீட்டில் இல்லாத நேரம் வாசி.

கோகிலனைப் பற்றிப் போன கடிதத்தில் நான் பாதிதான் சொன்னேன். அவனுக்கு இப்போது முப்பத்துநாலு வயது. 2009 இல் பத்தொன்பது. விசுவமடுவிலிருந்து இடம்பெயர்ந்து கடைசியில் வலைஞர்மடத்தில் இருந்தவன்.

மூன்று வருடத்துக்கு முன், மழைநாள் ஒன்றில், அரிசி வாங்கக் கடைக்கு வந்தான். அப்போது அவனை எனக்குப் பழக்கம் இல்லை. நான் போனில் உங்கள் கொட்டிலின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ முன்வரிசையில் மச்சானின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாய். காசை நீட்டிய கை அப்படியே நின்றது.

"அண்ணை, உந்தப் படத்திலை இருக்கிறது தருமபுரம் சங்கக்கடை மூர்த்தி அண்ணையெல்லோ?"

"ஓம். உனக்குத் தெரியுமோ?"

அவன் அரிசியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அடுத்த நாள் கடை திறக்கும் நேரம் வந்து நின்றான். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. நின்றபடியே சொன்னான். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"சித்திரை வருஷம் பிறந்த அடுத்த நாள் அண்ணை. கஞ்சி லைனிலை நான் அவருக்குப் பின்னாலை ஏழெட்டுப் பேர் தள்ளி நிண்டனான். எங்களுக்கெல்லாம் முந்தி சங்கக்கடையிலை சாமான் தந்த ஆள்தானே, தெரியும். செல் வந்து விழுந்தது. நான் எழும்பிப் பார்க்கேக்கை முன்னுக்கு நிண்ட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. அவர் சரிஞ்சு கிடந்தார். வயித்திலை. தண்ணி கேட்டார். நான் எடுத்துக்கொண்டு வந்தன், ஆனால் குடிக்கேல்லை. ஆக்களை ஆர் எண்டு பார்க்க நேரமில்லை, திரும்பவும் செல் அடிக்கத் தொடங்கிட்டாங்கள். பக்கத்திலை ஆரோ விட்டிட்டுப் போன பங்கர்க் கிடங்கு இருந்தது. அதுக்குள்ளை வளர்த்தி, கஞ்சிக் கிடாரத்து மூடியாலை மண் அள்ளி மூடினன். நானும் இன்னொரு ஐயாவும். அந்த ஐயாவும் அடுத்த கிழமை இல்லை. வீட்டுக்காரருக்குச் சொல்ல வேணும் எண்டு தேடினன் அண்ணை. ஆரெண்டு தெரியேல்லை. பிறகு எல்லாரும் சிதறிட்டம்."

சிவனேசு, நீ ஐந்து நாள் காத்திருந்தாய். அந்த ஐந்து நாளும் அவர் உனக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருக்கிறார்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். முதலில், அவன் ஆளை மாறிச் சொல்கிறானோ என்று நினைத்தேன். உறுதிப்படுத்திவிட்டுச் சொல்வோம் என்று ஒரு வருடம் போனது. பிறகு வதனியின் சோதனை வந்தது. பிறகு உனக்கு ஒப்பரேசன். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்தது. உண்மை அது இல்லை. உண்மை, எனக்குப் பயம். நீ மச்சானைப் பற்றிக் கதைக்கும்போது அவர் கடைக்குப் போயிருக்கிறார் என்பதுபோலத்தான் கதைப்பாய். "அவருக்கு உறைப்புக் கூடாது," என்பாய். அந்தக் குரலை நிறுத்துகிறவன் நானாக இருக்க எனக்குத் துணிவு வரவில்லை. மச்சாளுக்கும் சொல்லவில்லை. அவளுக்கு உன் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்தாள்.

இனி அந்தத் தோட்டத்தில் நடந்த மிச்சம்.

மதாம் ஜிஸ்லேன் வெறுங்காகிதம் விடலாம் என்று சொன்ன பிறகு, நான் அப்படியே விடத்தான் நினைத்தேன். இது சத்தியம். அப்பா அம்மாவுக்கு எழுதிவிட்டு வெறுங்காகிதம் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன். கோகிலன் பக்கத்தில் பாயில் முழங்காலில் இருந்தான். அவன் காகிதத்தில் இரண்டே சொல். "மூர்த்தி அண்ணை". அதற்குமேல் எழுத முடியாமல் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, அவற்றை முழுப்பேர் என்ன? தாட்ட எனக்கே அது தெரியாது."

மூன்று வருடம் என் மேசையில் சாப்பிட்டவன். ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. அந்த ஆளின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவனுக்கு, அவரின் பெயரை நான் சொல்லாமல் விடுவதா? நான் கையிலிருந்த வெறுங்காகிதத்தில் எழுதினேன். கந்தவனம் புண்ணியமூர்த்தி. கோகிலன் அதை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தான். தன் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, நான் எழுதியதை மடித்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் விட்டோம். தண்ணிக்குள் கையை வைத்தபடி அவன் அழுதான். லக்ஷனா என்ன என்று கேட்டாள். நான் சொல்லவில்லை.

அங்கே நான் செய்தது பிழை என்று நீ சொன்னால் ஏற்றுக்கொள்வேன். அந்த மூன்று வருடம் பிழை என்று நானே சொல்கிறேன். உன்னிடம் முதல் சொல்லியிருக்க வேண்டும், அவனுக்குப் பெயர் சொல்வதற்கு முன்னம்.

கோகிலனின் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ எடுப்பாய் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். எடுக்க வேண்டாம் என்று நீ நினைத்தாலும் சரி.

வேறு ஒன்றும் மறைக்கவில்லை.

அண்ணன்
குலசேகரம்


தருமபுரம்
02.12.2024

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வதனி தையல் கடைக்குப் போயிருந்த நேரம், கிணற்றடிக்குப் போய் வாசித்தேன். வாசித்து முடிய முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் கொண்டுவந்த சட்டைத்துணிகளைப் பார்த்து நிறம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது.

கோகிலனுக்கு நான் உடனே எடுக்கவில்லை. எட்டு நாள் விட்டுத்தான் எடுத்தேன். அந்த எட்டு நாளும் அவன் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். ஆளை மாறியிருக்கலாம், அங்கே எத்தனை மூர்த்தி. என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் இல்லை, கந்தோர்களில் எழுதிய முறைப்பாட்டிலும் இல்லை. அவன் பிழையாகச் சொன்னால் உங்கள் இரண்டு பேரையும் மன்னித்துவிட்டு, பழையபடி கொட்டிலுக்குப் போவது என்று நினைத்திருந்தேன்.

அவன் "அக்கா" என்றான். நான் சுகம்கூடக் கேட்கவில்லை.

"தம்பி, அண்டைக்கு அவற்றை காலிலை ஏதும் கட்டியிருந்ததோ?"

யோசிக்கவே இல்லை. "ஓம் அக்கா. இடது காலிலை. பச்சைத் துணி, கரை போட்டது. சீலைக் கிழியல்போல."

அது என் சீலை, அண்ணா. தகரம் வெட்டின காயத்துக்கு முதல்நாள் பின்னேரம் நான்தான் கிழித்துக் கட்டிவிட்டேன்.

பிறகு அவன்தான் கதைத்தான். "மூடக்குள்ளை முகத்துக்கு விரிக்க ஒண்டும் கிடைக்கேல்லை அக்கா, என்ரை சேட்டைக் கழட்டிப் போட்டனான்," என்றான். அதை உங்களிடம் அவன் சொல்லவில்லையாம். மன்னியுங்கோ, மன்னியுங்கோ என்று அழுதான். என்ன மன்னிப்பது? பத்தொன்பது வயதுப் பிள்ளை, செல்லுக்குள் நின்று, தன் உடுப்பைக் கழற்றி என் புருசனின் முகத்தில் மண் படாமல் பார்த்திருக்கிறான். நான் செய்திருக்க வேண்டியது அது. சாப்பிட்டியோ என்று கேட்டேன். அவனிடம் கேட்க எனக்கு அதுதான் வந்தது.

ஆகவே அந்தப் பெயரைச் சொன்னதற்காக உங்களோடு எனக்கு இப்போது கோபம் இல்லை. அவன் கேட்டு நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால்தான் கோபம் வந்திருக்கும்.

மற்றதை அப்படிச் சொல்லமாட்டேன். மூன்று வருடம், அண்ணா. அந்த மூன்று வருடத்தில் மூன்று மனுசிகள் அந்தக் கொட்டிலில் இருந்தபடியே நோய்ப்பட்டுச் செத்துப்போனார்கள். நான் ஒவ்வொரு நாளும் அவரின் படத்தைத் துடைத்து மடியில் வைத்தேன். நீங்கள் அதைப் போனில் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். எனக்குப் பாவம் பார்த்தீர்கள் என்று தெரியும். நான் உங்களிடம் பாவம் பார்க்கச் சொல்லிக் கேட்டேனா? அவர் எங்கே என்றுதானே கேட்டேன்.

காட்டு அச்சாகிவிட்டது. திரு. திருமதி புண்ணியமூர்த்தி என்று போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் தாய்க்கு மனம் இல்லை. ஐங்கரன்தான் "மாமி சொன்னபடி போடுவம்" என்றார். வதனிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் துடக்கு, முப்பத்தோராம் நாள் கிரியை, பிறகு ஒரு வருடத்து ஆட்டைத்திவசம் முடியுமட்டும் கலியாணம் இல்லை என்று இனசனம் தொடங்கும். அதைவிட, மணவறையில் இருக்கிற நாளில் அவளுக்குத் தகப்பன் இருக்கட்டும். நான் பொட்டோடு நிற்பேன். தெரிந்துகொண்டு நிற்பேன். மறைப்பது எவ்வளவு பாரம் என்று இப்போது எனக்கும் தெரிகிறது. ஆனால் நான் என் பிள்ளைக்கு மறைப்பது மூன்று மாதம். மூன்று வருடம் இல்லை.

கலியாணத்துக்கு நீங்கள் வரவேண்டாம். இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். உங்கள் முகத்தைக் கண்டால் அந்த மேடையில் என்னால் நிற்க முடியாது. உடைந்துவிடுவேன், பிள்ளைக்கு விளங்கிவிடும். முழங்காலுக்கு ஒப்பரேசன் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அவரின் ஒன்றுவிட்ட அண்ணரும் மனுசியும் தாரை வார்ப்பார்கள். மச்சாள் சீலை வாங்கியிருந்தால் அனுப்பட்டும், வதனி இரண்டாம் கூறையாகக் கட்டுவாள்.

பஞ்சாங்கம் பார்த்தேன். வருடம் பிறந்த அடுத்த நாள் என்று கோகிலன் சொன்னது தேய்பிறைச் சஷ்டி. பதினைந்து வருடமாக எனக்கு ஒரு திதி இல்லாமல் இருந்தது. மற்ற மனுசிகளுக்கு இன்னும் இல்லை. அவர்களோடு நான் தொடர்ந்து இருப்பேன், அவரின் படம் இல்லாமல் இருப்பேன்.

சித்திரையில் வாருங்கள். அதற்கு முன்னம், கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில், வதனிக்கு நானே சொல்லிவிடுவேன். கோகிலன் தன்னுடைய அகதிக் காட்டோடு இந்த நாட்டுக்கு வர ஏலாது என்றான். திவசம் செய்கிற நேரம் போனில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். கீரிமலையில் செய்வோம். ஆம்பிளைப் பிள்ளை இல்லையே என்று ஐயர் கேட்பார். வதனி செய்வாள் என்று சொல்லிவிடுவேன். பொட்டைப் பற்றி நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. அதைப் பற்றி ஒருத்தரும் எனக்குச் சொல்லவும் கூடாது.

அங்கே கேணியில் இறங்குகிற படி வழுக்கும். நீங்கள் ஒன்றும் கதைக்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். என் கையைப் பிடித்து இறக்கிவிடுங்கள்.

தங்கச்சி
சிவனேசு